காசுமாலைக்குப் போகாத காசு

பழைய தங்கக் காசு சேர்க்க ஆசைப்பட்டு வரும் இளையவர்கள் முதலில் கேட்பது, "எது அரிய காசு?" அடுத்தது, "வாங்கி வைத்தால் விலை ஏறுமா?" இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தக் காசின் மேல் யார் யார் கை வைத்திருக்கிறார்கள்? நம் ஊரில் தங்கக் காசு கடைத்தெருவில் புழங்கித் தேய்ந்தது கொஞ்சம். காது பற்றவைத்துக் கழுத்தில் ஏறியது, உரைகல்லில் உரசப்பட்டது, பத்தர் பட்டறையில் மெருகு வாங்கியது, கடைசியில் மூசைக்குள் போனது என்று அழிந்தவைதான் ஏராளம். அத்தனைக்கும் தப்பி, அடித்த அன்றைய முகத்தோடு வந்து சேர்ந்த காசைத் தேடிப் பிடிப்பதுதான் உயர்ந்த தரத்தில் சேர்ப்பது. அதற்குச் சில யோசனைகள் சொல்கிறேன்.

1. முதல் ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஊர் ஊராக நடக்கும் நாணயக் கண்காட்சிகளுக்குப் போங்கள். ஏலத்துக்கு முன் காசுகளைப் பார்வைக்கு வைக்கும் நாளில் போய் உட்காருங்கள். "இன்று வாங்கப் போவதில்லை, பார்க்கத்தான் வந்தேன்" என்று டீலரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், நல்ல டீலர் முகம் சுளிக்காமல் கையில் கொடுப்பார். ஓரத்தை மட்டும் இரு விரலால் பிடியுங்கள். கீழே துணி விரித்திருக்கட்டும். தங்கம் மென்மையான உலோகம், கண்ணாடி மேசையில் ஒருமுறை விழுந்தால் விளிம்பு நசுங்கும். காசைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். எச்சில் துளி பட்ட இடம் பிறகு புள்ளியாகத் தெரியும்.

2. ஒரு துறையைத் தேர்ந்தெடுங்கள். தங்கம் என்றால் எல்லாம் வாங்குவேன் என்று கிளம்பியவர் நல்ல தொகுப்பு சேர்த்து நான் பார்த்ததில்லை. நம் பக்கத்தில் துறைகளுக்கு ஒன்றும் பஞ்சமில்லை.

விஜயநகர வராகன் இருக்கிறது, ஏறக்குறைய 3.4 கிராம். கிருஷ்ணதேவராயரின் பாலகிருஷ்ணன், அச்சுதராயரின் கண்டபேருண்டம், ஹரிஹரரின் உமா மகேசுவரர் என்று அரசருக்கு அரசர் உருவம் மாறும். அந்த வராகனைப் பார்த்துக் கும்பினிகள் அடித்தவை தனிக் கிளை. சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் அடித்த மூன்று சுவாமி வராகன், நட்சத்திர வராகன். நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர் அடித்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் பிறை போட்டு அடித்தது. எல்லாவற்றிலும் ஒரு பக்கம் சுவாமி நிற்பார். யாருடைய காசு என்பதை மறுபக்கத்து நட்சத்திரமும் பிறையும் போன்ற சிறு அடையாளங்கள்தான் சொல்லும். இதில் இறங்க லூப் கண்ணாடியும் பொறுமையும் வேண்டும்.

பிறகு பணம். பெயர்தான் பெரிது, எடை அரை கிராம்கூட இல்லை. மைசூரின் கண்டீரவ பணம், கேரளத்தின் வீரராய பணம். விரலில் பிடித்து எண்ண முடியாது என்பதால் குழி குழியாக வெட்டிய பலகையில் கொட்டி ஆட்டி எண்ணினார்கள். வீரராய பணம் இன்றும் தேயாத நிலையில் கிடைக்கிறது. கையில் காசு குறைவாக உள்ளவர் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

ரோமத் தங்கமும் பிரிட்டிஷ் இந்திய மொகரும் சவரனும் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

3. கிரேடு என்பதைக் கவரின் மேல் எழுதியிருக்கும் எழுத்தாக நினைக்காதீர்கள். அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக வில்லியம் ஷெல்டன் 1949-ல் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோல்தான் இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. 60-ம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு. நம் டீலர்கள், தேய்மானம் குறையக் குறைய, விஎஃப், எக்ஸ்எஃப், ஏயு, யுஎன்சி என்பார்கள். ஒரே காசு விற்கும்போது யுஎன்சி, அதே கடையில் திருப்பிக் கொடுக்கும்போது எக்ஸ்எஃப். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. நம் கண்ணைத் தயார் செய்துகொள்வதுதான் மருந்து.

ட்யூப்லைட் வெளிச்சத்தில் கிரேடு பார்க்காதீர்கள். ஒற்றை பல்ப், ஒரே திசையிலிருந்து. காசை மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். எந்திரத்தில் அடித்துப் புழங்காத காசில் ஒளிக்கற்றை மேட்டிலும் பள்ளத்திலும் தடையில்லாமல் சுற்றிவரும். உராய்ந்த காசில் அந்த ஒளி மேடான இடங்களில் அறுந்துபோகும். ஐந்தாம் ஜார்ஜ் சவரனில் மீசையையும் காதுக்கு மேலுள்ள முடியையும் பாருங்கள். மறுபக்கம் வீரனின் தொடை, குதிரையின் தோள். தேய்மானம் அங்கேதான் தொடங்கும்.

4. தேய்ந்ததும் சரியாக அடிபடாததும் வேறு வேறு. வராகன் கையால் சுத்தியலில் அடித்த காசு. அச்சு பெரியது, வில்லை சிறியது. அதனால் உருவத்தின் ஒரு பகுதிதான் விழும். சுவாமியின் முகம் மழுங்கியிருந்தாலும் பக்கத்தில் உள்ள எழுத்தின் கோடுகள் கூர்மையாக நின்றால், அது அடி விழாத இடம். எழுத்தும் உருவமும் சேர்ந்து வழுவழுப்பாக இருந்தால் புழங்கித் தேய்ந்தது. பழங்காசுக்கு மதிப்பெண் கொடுக்கும்போது அச்சடிப்புக்குத் தனியாக 5-க்கு இவ்வளவு, பரப்புக்குத் தனியாக 5-க்கு இவ்வளவு என்று என்ஜிசி நிறுவனம் போடுவது இதனால்தான். நீங்களும் அப்படிப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். முழு உருவமும் வில்லையின் நடுவில் விழுந்த, தேயாத கண்டபேருண்டம் ஒன்று கண்ணில் பட்டால், பேரம் பேசுங்கள், ஆனால் அதிக நேரம் பேசாதீர்கள்.

5. காது வைத்த காசைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சேகரிப்பில் மற்ற எந்தப் பாடத்தையும்விட இது முக்கியம்.

காசுமாலையிலிருந்து பிரித்த காசை விற்கும் முன் பத்தரிடம் கொடுத்துக் காதை அறுத்து, அந்த இடத்தை அரத்தால் ராவி, மெருகு போட்டு வாங்குவார்கள். முகத்தைப் பார்த்தால் தெரியாது. காசைச் செங்குத்தாகப் பிடித்து ஓரத்தைச் சுற்றிலும் பாருங்கள். சவரனில் ஓரத்து வரிவெட்டு ஓரிடத்தில் மட்டும் காணாமல் போயிருக்கும், அல்லது கையால் வெட்டிய கோடுகள் சாய்ந்து நிற்கும். பெரும்பாலும் ராஜாவின் தலைக்கு நேர் மேலே; சில சமயம் மறுபக்கத்து உருவம் நிமிர்ந்து நிற்பதற்காக வேறிடத்தில். பற்றவைப்புப் பொடி உருகி ஓடிய இடத்தில் நிறம் கொஞ்சம் வெளுத்தோ சிவந்தோ இருக்கும். நெருப்புப் பட்டதால் அந்தப் பக்கத்துப் பரப்பின் ஒளி செத்துப்போயிருக்கும்.

துளை போட்டு அடைத்த காசு இன்னும் மோசம். துளையை அதே மாற்றுத் தங்கத்தால் நிரப்பி, எழுத்தையும் கையால் செதுக்கிவிடுவார்கள். இருபுறமும் ஒரே நேர்கோட்டில் உள்ள எழுத்துகள் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். பதக்கத்தில் கௌவிப் பிடித்த காசுக்கு விளிம்பில் மூன்று நான்கு இடங்களில் சிறு நசுங்கல் இருக்கும். நகையாகக் கிடந்த காசு தன்னளவில் அழகுதான், பாட்டி போட்டது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். யுஎன்சி விலை கொடுத்து வாங்காதீர்கள், அவ்வளவே.

6. துடைக்காதீர்கள். பூந்திக்கொட்டை, புளி, பற்பசை, நகைக் கடைக்காரர் கொடுக்கும் மஞ்சள் துணி எதுவும் வேண்டாம். மெருகிட்ட தங்கம் பளபளக்கும். அந்தப் பளபளப்பு தட்டையானது, கண்ணாடிபோல் ஒரே இடத்தில் அடிக்கும், சுழலாது. லூப்பில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கோடுகள். பிளாஸ்டிக் உறையின் பிசுக்கு ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோனில் நனைத்து எடுத்து, தேய்க்காமல் காற்றில் உலரவிடுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

7. எடை போடுங்கள், பிறகு தண்ணீரில் எடை போடுங்கள். மில்லிகிராம் காட்டும் தராசு இப்போது எளிதாகக் கிடைக்கிறது. சவரன் 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர், 22 காரட். மெல்லிய நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டால் சுமார் 0.45 கிராம் குறைந்து காட்ட வேண்டும். முலாம் பூசிய செம்பு என்றால் தன் எடையில் ஒன்பதில் ஒரு பங்கை இழக்கும். காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும் என்பதால் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விடுங்கள். ஹால்மார்க் சென்டரில் உள்ள எக்ஸ்ஆர்எஃப் எந்திரம் மேல்தோலை மட்டுமே படிக்கும்; தடித்த முலாமுக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

தங்கம் சரியாக இருப்பதால் மட்டும் காசு நல்லதாகிவிடாது. 1950-60களில் பெய்ரூட் பக்கத்துப் பட்டறைகளில் சரியான தங்கத்திலேயே சவரன் அடித்துத் தள்ளினார்கள். அவற்றைத் தராசு காட்டிக்கொடுக்காது. எழுத்துகள் கொழகொழவென்று கரை கரைந்து நிற்பதும், தளத்தில் சிறு பருக்கள் இருப்பதும், வரிவெட்டு சீராக இல்லாததும்தான் காட்டிக்கொடுக்கும். கையால் அடித்த காசுக்கு வேறொரு சோதனை: இரண்டு வராகன்கள் ஒரே மாதிரி இருக்கவே முடியாது. இரண்டு வேறு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே விரிசல், ஒரே அளவு நடு விலகல் கண்டால் இரண்டையும் விட்டுவிட்டு நகருங்கள். பழைய ஏலப் பட்டியல்களின் படங்களைச் சேர்த்து வைக்கச் சொல்வது இந்த ஒப்பீட்டுக்காகத்தான்.

8. கதையோடு வரும் காசை வாங்காதீர்கள். இராமர் காலத்துக் காசு என்று பட்டாபிஷேகக் காட்சியோடு காட்டுவார்கள். அது கோயில்களில் வழிபாட்டுக்காக அண்மைக் காலத்தில் அடித்த முத்திரைக் காசு. ஒரு பக்கம் அனுமனோ பிள்ளையாரோ, மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் 'யுகேஎல் ஒன் அணா' என்ற எழுத்தும் உள்ளதை அரிசியை இழுக்கும் என்பார்கள். அப்படியொரு காசைக் கம்பெனி அடித்ததே இல்லை. ராஜராஜ சோழரின் பெயர் நாகரியில் உள்ள காசு செம்பில் ஏராளம், தங்கத்தில் மிகக் குறைவு. செம்புக்கு முலாம் பூசித் தங்கமாகக் காட்டுவது பழைய வித்தை. மேலே சொன்ன தண்ணீர் அதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடும்.

9. 1835 மொகரைக் கண்டால் நின்று யோசியுங்கள். நான்காம் வில்லியம் தலையும், மறுபக்கம் சிங்கமும் பனையும். 11.66 கிராம். கம்பெனி காசுகளில் இதைவிட அழகானது எது என்று கேட்டால் நான் திணறுவேன். ஆனால் கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகள் பிற்காலத்தில் சேகரிப்போருக்காக இவற்றைத் திரும்ப அடித்துக் கொடுத்தன. கண்ணாடித் தளத்தோடு அப்பழுக்கில்லாமல் சந்தைக்கு வருபவற்றில் பல அப்படிப்பட்டவை. அவை போலி அல்ல, சேர்க்கத் தகுந்தவைதான்; முதல் அச்சின் விலைக்கு மட்டும் வாங்கக் கூடாது. ஏலப் பட்டியலில் 'ரீஸ்ட்ரைக்' என்ற சொல் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று கவனியுங்கள். இந்தக் காசுகளைப் பட்டியலிட்ட ப்ரிட்மோரின் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

10. ரோமக் காசில் உளிவெட்டு இருந்தால் பதறாதீர்கள். 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் கிடைத்த புதையலில் 501 ரோமத் தங்கக் காசுகள் இருந்தன; ஆகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரை. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் பேரரசர் தலையில் உளியால் ஓர் ஆழமான வெட்டு. மறுபடி புழங்காமலிருக்கவா, தங்கத்தைச் சோதிக்கவா, வேற்று அரசனின் முகத்தை மறுக்கவா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஐரோப்பியச் சேகரிப்பாளர் இந்த வெட்டைச் சேதம் என்று கழித்துக் கட்டுவார். என் கணக்கில், வெட்டு தவிர மற்ற பரப்பு கூர்மையாக இருந்தால் அது நம் மண்ணுக்கு வந்ததற்கான சான்று. வெட்டை நிரப்பிச் சரிசெய்து தருகிறேன் என்று எவராவது சொன்னால் காசைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். அந்தக் காலத்திலேயே இங்கே ரோமக் காசைப் பார்த்து அடித்த போலிகளும் உண்டு. எழுத்து உளறலாக இருக்கும். அந்தப் பழைய போலிக்கும் இன்று மரியாதை இருக்கிறது.

11. ஸ்லாப் பற்றி. பிசிஜிஎஸ் 1986 முதலும் என்ஜிசி 1987 முதலும் காசைப் பிளாஸ்டிக்குக்குள் அடைத்துத் தரம் எழுதித் தருகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஸ்லாபையே போலியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், அதன் சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே கிரேடு எண்ணைப் பெற்ற இரண்டு காசுகளில் ஒன்று அழகாகவும் மற்றது சோபையில்லாமலும் இருக்கும். எண்ணுக்குப் பணம் கொடுக்காமல் காசுக்குக் கொடுங்கள்.

இங்கே ஒரு சட்டச் சிக்கல். 1972-ன் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த காசு தொல்பொருள். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. கிரேடு போட அனுப்புவதும் அனுப்புவதுதான். 1918 சவரன்கூட இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டது. நாட்டுக்குள் வாங்கலாம், விற்கலாம். அதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். வெளிநாட்டு மருமகனிடம் கொடுத்துவிடுகிறேன் என்ற பேச்சே வேண்டாம்.

12. மண்ணிலிருந்து வந்த காசைத் தொடாதீர்கள். 1878-ன் புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கண்டெடுத்தவர் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். "வயலில் உழும்போது கிடைத்தது, யாருக்கும் தெரியாது" என்று ஒருவர் மடியிலிருந்து எடுத்தால் இரண்டில் ஒன்று: காசு போலி, அல்லது நீங்கள் குற்றத்துக்குத் துணை.

13. தங்க விலை ஏற்றத்தைக் காசின் ஏற்றம் என்று எண்ணாதீர்கள். தேய்ந்த சவரன் தங்கத்தோடு ஏறித் தங்கத்தோடு இறங்கும். தேயாத கண்டபேருண்டத்தின் விலையில் உலோகத்தின் பங்கு சிறிது. ஏலத்தில் கை தூக்கும் முன், சுத்தியல் விழும் விலையோடு ஏலக்காரர் கமிஷனும் வரியும் சேரும் என்பதை மனதில் கூட்டிக்கொள்ளுங்கள். வருடத்துக்குப் பத்து நடுத்தரக் காசு வாங்குகிறவரைவிட ஒரே ஒரு நல்ல காசு வாங்குகிறவரிடம்தான் பத்து வருடம் கழித்து எல்லோரும் போய் நிற்கிறார்கள். நடுத்தரக் காசை விற்கப் போகும்போது டீலர் காட்டும் அலட்சியத்தை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள், புரிந்துவிடும்.

14. பிவிசி ஆல்பம் வேண்டாம். மைலார் உறை, அல்லது காசின் அளவுக்கே செய்த காப்ஸ்யூல். அட்டை உறையில் அடிக்கும் ஸ்டேப்ளர் ஊசியை நன்றாக மடக்குங்கள்; பக்கத்துக் காசைக் கீறுவது அதுதான். சவரனில் செம்பு கலந்திருப்பதால் ஈரம் பட்டால் சிவப்புப் புள்ளி வரும். லாக்கரில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

15. காசுக்கு முன் புத்தகம். கேப்டன் டஃப்னெல் 1889-லேயே தென்னிந்தியக் காசு சேர்ப்போருக்கான குறிப்புகள் என்று ஒரு நூல் எழுதிவிட்டார்; இந்த வேலையில் நான் அவருக்குப் பின்னால் வருபவன். வால்டர் எலியட்டின் 1886 நூல், நாகசாமியின் தமிழ்க் காசுகள் பற்றிய ஆய்வு, தென்னிந்தியக் காசுகள் பற்றிய மிச்சினரின் 1998 தொகுதிகள், பணம் சேர்ப்பவருக்கு ஹான்ஸ் ஹெர்லி, சவரனுக்கு மைக்கேல் மார்ஷ். மிச்சினரின் விலை ஒரு பணத்தின் விலையைவிட அதிகமாக இருக்கும். இருக்கட்டும், வாங்குங்கள்.

16. ஒவ்வொரு காசையும் இருபுறமும் ஓரமும் படமெடுத்து, எடை, விட்டம், வாங்கிய இடம், நாள், விலை, ரசீது எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். உத்தம சோழரின் பெயர் பொறித்த தங்கக் காசு எலியட்டின் குறிப்புகளில் இருந்த ஒரு பென்சில் படத்தால்தான் நமக்குத் தெரியும். காசு எங்கே போனதென்று தெரியவில்லை. படம் இல்லையென்றால் அதுவும் இல்லை. எழுதியதை வீட்டில் ஒருவரிடமாவது காட்டுங்கள். உங்களுக்குப் பிறகு அவர்கள் நகைக் கடைக்குப் போனால் கடைக்காரர் எடை போட்டு, சேதாரம் கழித்து, தங்க விலை கொடுப்பார். அவர் மேல் தப்பில்லை.

17. முதல் காசு எது என்று கேட்பவருக்கு என் பதில்: 1918 பம்பாய் சவரன். லண்டன் நாணயச்சாலையின் கிளையாகப் பம்பாய் இருந்தபோது இந்த ஓர் ஆண்டு எண்ணோடு மட்டும் அடித்தது. சுமார் 13 லட்சம். தேதிக்கு மேலே தரைக்கோட்டின் நடுவில் இந்தியாவைக் குறிக்கும் சிறிய ஆங்கில 'ஐ' எழுத்து இருக்கும். அரிய காசு இல்லை, ஆனால் எடை, விட்டம், ஓரம் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி இருக்க வேண்டிய காசு என்பதால் கற்றுக்கொள்ள ஏற்றது. ஐந்து காசு பார்த்துவிட்டு, காது வைக்காத, துடைக்காத ஒன்றை எடுங்கள். பிடித்துப்போனால் அதே ஆண்டு அதே பம்பாயில் அடித்த 15 ரூபாய்த் தங்கக் காசையும் தேடுங்கள். அளவும் எடையும் சவரனேதான், சுமார் 21 லட்சம் அடித்தார்கள். இருந்தும் நல்ல தரத்தில் கிடைக்க அதிக நாள் அலைய வேண்டியிருக்கும்.